அக்காவின் விஞ்ஞானப் பாடங்களுக்கு இயந்திரக் குரல் கொடுத்த ஆறு வாரம்

என் அக்கா மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டிலிருந்தபடியே தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார். பிள்ளைகளில் பாதிக்கு மேல் படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வாவிக்கு அங்கால் இருப்பவர்கள், பின்னேர வகுப்புக்கு டவுனுக்கு வந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாதவர்கள். அவர்களுக்காகத்தான் ஒன்லைன் வகுப்பைத் தொடங்கினார், காசும் வாங்குவதில்லை. போன வருடம் அவருடைய குரல் கரகரத்துக்கொண்டே வந்து ஒரு நாள் முழுதாக அடைத்துவிட்டது. குரல்நாணில் சிறு தடிப்பு, ஆறு வாரம் பேசவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சாதாரண தரப் பரீட்சை கிட்டத்தில். நோட்ஸ் எல்லாம் கையில் இருக்கிறது, சொல்லிக்கொடுக்கக் குரல் இல்லை.

நான் வாசித்துப் பதியலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். வீடு பிரதான வீதியை ஒட்டியது. பஸ் ஹோன், காகம், தலைக்கு மேலே ஃபேன், எல்லாம் பதிவில் விழும். இரவு பதினொரு மணிக்குப் பிறகு பதிந்தால் சத்தம் இல்லை, ஆனால் நாலு நிமிடப் பகுதிக்கு நாற்பது நிமிடம் போனது, அப்புறம் ஒரு வசனத்தை மாற்ற வேண்டும் என்று வந்தால் மறுநாள் என் குரல் வேறு மாதிரி இருக்கும், ஒட்டுப் போட்டது அப்படியே தெரியும். பாடமோ முப்பதுக்கு மேல். அதனால் எழுத்தைக் கொடுத்தால் வாசித்துத் தருகிற குரலைத் தேடத் தொடங்கினேன்.

கையில் இருந்தது நாலு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி. முதலில் போட்டது ஈஸ்பீக் என்ஜி. இலவசம், சின்னது, இணையம் தேவையில்லை, தமிழும் வாசிக்கும். ஆனால் அது மனிதக் குரலைப் பதிந்து பழகிய வகை இல்லை, ஒலிகளைக் கணக்கால் உண்டாக்குகிறது, எனவே உலோகத் தொனி. எழுத்துப்பிழை தேட அது போதும், பத்து நிமிடம் தொடர்ந்து கேட்கப் பிள்ளைகளால் முடியாது. அடுத்து மெட்டா 2023இல் வெளியிட்ட எம்எம்எஸ் என்ற பன்மொழிப் பேச்சு மாதிரிகளில் (மொடல்) உள்ள தமிழ்க் குரல். ஒருமுறை இறக்கிவிட்டால் இதற்கும் இணையம் வேண்டாம், பழைய கணினியிலும் ஓடும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமத்தோடு வருகிறது. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவும் தமிழுக்குத் திறந்த மாதிரி தந்திருக்கிறது, தனியாக ஒரு கணினியைக் கட்டி வைத்து நடத்தக் கூடியவர்கள் அதைப் பார்க்கலாம். எனக்கு அவகாசம் இல்லை. கடைசியில் மைக்ரோசொஃப்டின் எட்ஜ் உலாவியில் பக்கத்தை உரத்து வாசிக்கிற வசதி இருக்கிறதே, அதே குரல்களை எடுத்துக் கோப்பாகத் தருகிற எட்ஜ்-டிடிஎஸ் என்ற, பைதன் நிரல்மொழியில் எழுதிய சின்னக் கருவிக்கு வந்தேன். அதில் தமிழுக்கு எட்டுக் குரல்: இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா. ஒரு உரைக் கோப்பையும் குரலின் பெயரையும் கொடுத்தால் எம்பி3 வரும். வேகத்தைக் குறைக்கலாம், நான் பத்து வீதம் குறைத்தேன். பணமாகச் செலவானது ஒரு இயர்போனுக்கு மட்டும்தான்.

இதை ஒரே பின்னேரத்தில் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு வந்த ஐந்தரை வாரம்தான் உண்மையான வேலை.

முதல் பாடமாக அமுக்கம் என்ற அலகை எடுத்து, அக்காவின் வேர்ட் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, அப்படியே குரலுக்குக் கொடுத்தேன். அக்காவால் பேச முடியாது, எனவே பிழை கேட்டால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவதாக ஏற்பாடு. நான் நிறுத்திக் குறித்துக்கொள்வேன். நாலு நிமிடத்தில் 61 தட்டு.

குறிப்பைப் பிரித்துப் பார்த்தால் குரலின் குறை என்று சொல்லக் கூடியது கொஞ்சம்தான். பெரும்பாலானவை நாங்கள் கொடுத்த எழுத்தில் இருந்தவை.

முதல் வகை பாமினி எழுத்துரு விட்டுச் சென்றது. இங்கே ஆசிரியர்களின் பழைய நோட்ஸ் எல்லாம் பாமினியில்தான் இருக்கும். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுகிற பழைய முறை, அதை மாற்றித்தான் இன்றைய பொது முறையான யூனிகோடு ஆக்குகிறோம். மாற்றும்போது 'ர்' வர வேண்டிய இடத்தில் கால் குறியும் அதன் மேல் புள்ளியும் வந்துவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி, 'அவர்கள்' என்றுதான் தெரியும். குரலுக்கு அங்கே ரகரமே இல்லை, 'அவாகள்' என்று போய்விடுகிறது. 'நீர்' என்பது 'நீ' ஆகிறது. அமுக்கம் பாடத்தில் நீர் எத்தனை தரம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, போனில் தட்டிய குறிப்புகளில் 'எ' என்ற எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் இலக்கம் ஏழு உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். 'எனவே' என்ற சொல்லைக் குரல் 'ஏழு னவே' என்று வாசித்தபோதுதான் அங்கே இலக்கம் இருப்பதே தெரிந்தது. அதேபோல 'அ' இருக்கும் இடத்தில் தமிழ் எட்டு, 'உ' இருக்கும் இடத்தில் தமிழ் இரண்டு. 'கொ' போன்ற எழுத்துகளிலும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகக் கிடக்கலாம், யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை பைதனில் ஒரு வரிதான், அதைப் போட்டால் சேர்ந்துவிடும். இந்த மூன்றையும் துப்புரவாக்கியதும் 61 தட்டு 38 ஆனது. மற்ற வேலைகளைத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், இதற்குச் சிந்தனை தேவையில்லை, ஒருமுறை எழுதிய கட்டளை எல்லாப் பாடத்துக்கும் போதும்.

இரண்டாவது வகை எங்கள் எழுத்துக்கூட்டல், இதில்தான் நான் அதிகம் படித்தேன். இலங்கையில் நாம் 'மீற்றர்', 'லீற்றர்', 'நியூற்றன்', 'பற்றரி' என்று றகரம் போட்டு எழுதுகிறோம், ஏனென்றால் எங்கள் நாக்கில் 'ற்ற' என்பது ஆங்கிலத்து 'ட்' ஒலிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'ற்ற' என்பதை 'ட்ர' போலச் சொல்கிறார்கள், இயந்திரக் குரல்கள் பெரும்பாலும் கேட்டு வளர்ந்தது அந்த உச்சரிப்பை. எனவே 'மீற்றர்' 'மீட்ரர்' ஆகிறது, 'பற்றரி' 'பட்ரரி' ஆகிறது. இவற்றைப் பிள்ளை எப்படியோ புரிந்துகொள்ளும். 'நியூற்றன்' என்ன ஆகும்? 'நியூட்ரன்'. பத்து நியூற்றன் விசை என்பது பத்து நியூத்திரன் விசை போலக் காதில் விழுகிறது, அணுக்கட்டமைப்பும் அதே பாடத்திட்டத்தில் இருக்கும்போது இதை விடவே முடியாது. அந்த இடத்தில் அக்கா தட்டவில்லை, மேசையில் குத்தினார்.

சரி, எல்லா 'ற்ற'வையும் 'ட்ட' ஆக்கிவிடுவோம் என்று ஒரே கட்டளையில் மாற்றினேன். அது பெரிய தவறு. 'காற்றின் அமுக்கம்' 'காட்டின் அமுக்கம்' ஆகிவிட்டது, 'வெற்றிடம்' 'வெட்டிடம்' ஆனது, 'ஆற்றல்' 'ஆட்டல்' ஆனது. இரவு முழுவதும் ஓடவிட்டு எடுத்த ஆறு பாடத்தையும் அழித்தேன். அதன் பிறகு பொது விதி எதுவும் போடவில்லை. ஒரு அட்டவணை: இடப்பக்கம் அக்கா எழுதிய சொல், வலப்பக்கம் குரலுக்குக் கொடுக்கிற சொல். மீற்றருக்கு மீட்டர், நியூற்றனுக்கு நியூட்டன், பற்றரிக்கு பேட்டரி. 'காற்று' மாதிரித் தமிழ்ச் சொற்களை அப்படியே விட்டேன், குரல் அதைத் தமிழ்நாட்டு முறையில் சொன்னாலும் டீவி பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. டகரத்துக்கு ரகரம் போட்டு எழுதுகிற பழக்கமும் இதில் சேரும். 'ரோச்', 'ரயர்' என்று எழுதினால் குரல் எழுதியபடியே ரகரத்தில்தான் தொடங்கும், 'டோர்ச்', 'டயர்' என்று கொடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திருத்துவது குரலுக்குப் போகும் பிரதியை மட்டும். ஸ்லைட்டில் பிள்ளை பார்க்கிற எழுத்து 'மீற்றர்' ஆகவே இருக்கட்டும், வினாத்தாளில் அப்படித்தான் வரும். கலைச்சொல்லும் அப்படியே. ஒரு கட்டத்தில், 'ஆர்முடுகல்', 'இலத்திரன்', 'ஒளித்தொகுப்பு' எல்லாவற்றையும் 'முடுக்கம்', 'எலக்ட்ரான்', 'ஒளிச்சேர்க்கை' என்று மாற்றினால் குரல் இன்னும் சரளமாக வாசிக்குமே என்று எனக்குத் தோன்றியது. அக்கா கொப்பியில் பெரிய எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதிக் காட்டினார். பரீட்சைக்கு உதவாத சொல்லைக் காதில் போட்டுப் பிள்ளையைக் குழப்பக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கல்லடி உப்போடையில், விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்று, 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய மனிதர். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத் தமிழில் உண்டாக்கிய ஒரு மரபு இந்த மண்ணில் இருக்கிறது, குரல் வாசிக்கத் தடுமாறுகிறது என்பதற்காக அதைத் தூக்கிப் போட எனக்கும் மனம் வரவில்லை. 'ஆர்முடுகல்' என்பதை 'ஆர் முடுகல்' என்று இடைவெளி விட்டுக் கொடுத்தேன், சரியாக வந்தது. நீண்ட கூட்டுச் சொல் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம் பொருந்தும், 'காபனீரொட்சைட்டு' 'காபன் ஈரொட்சைட்டு' ஆனதும் தெளிந்துவிட்டது.

மூன்றாவது வகை எண்களும் அலகுகளும். எங்கள் பாடப்புத்தக முறையில் முப்பதாயிரத்தை 30 என்று எழுதி, இடைவெளி விட்டு, மூன்று பூச்சியம் போடுவோம். குரல் அதை 'முப்பது' என்று சொல்லி நிறுத்திவிட்டு, பிறகு பூச்சியங்களைத் தனியாக எண்ணுகிறது. 9.8 என்பதை 'ஒன்பது புள்ளி எட்டு' என்கிறது, நாங்கள் வகுப்பில் சொல்வது 'ஒன்பது தசம் எட்டு'. 3/4 சில வேளை திகதி போல வருகிறது. 'செ.மீ.' என்பதில் உள்ள புள்ளிகளை வசன முடிவு என்று எடுத்து மூச்சு விடுகிறது. '1623இல்' என்பதை எண்ணாகச் சொல்லிவிட்டு 'இல்' என்பதைத் தனியாகச் சொல்கிறது. இதற்கெல்லாம் ஒரே வழி, எழுத்தாலேயே எழுதிக் கொடுப்பதுதான்: 'ஆயிரத்து அறுநூற்று இருபத்து மூன்றில்'. கணக்கு வருகிற வசனத்தை முழுதாக மாற்றி எழுதினோம். உன்னிச்சைக் குளத்தில் மூன்று மீற்றர் ஆழத்தில் நீரால் ஏற்படும் அமுக்கம் எவ்வளவு என்பது அக்காவின் உதாரணம். நோட்ஸில் அது ஒரு சூத்திரமும் ஒரு வரிப் பெருக்கலும். குரலுக்கு இப்படிக் கொடுத்தோம்: 'ஆழம் மூன்று மீட்டர். நீரின் அடர்த்தி, கனமீட்டருக்கு ஆயிரம் கிலோகிராம். புவியீர்ப்பு ஆர் முடுகல் பத்து. மூன்றையும் பெருக்குங்கள். முப்பதாயிரம் பஸ்கால்.' கேட்கும்போதே கணக்கு மனதில் ஓடுகிறது. நோட்ஸுக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு வசனம்தான் எனக்குக் காட்டியது.

அட்டவணையை வைத்து மாற்றும்போது நீளமான சொல்லை முதலில் மாற்ற வேண்டும். 'மீ.' என்பதை முதலில் மாற்றினால் 'செ.மீ.' என்பது 'செ.மீட்டர்' ஆகிவிடும். நீளத்தின்படி வரிசைப்படுத்தி மேலிருந்து கீழே ஓடவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆறு வார முடிவில் அட்டவணையில் 312 வரி இருந்தது. முதல் ஐந்து பாடத்தில் இருநூறுக்கு மேல் சேர்ந்தது, பிறகு பாடத்துக்கு இரண்டு மூன்றுதான். பைதன் தெரியாதவர்கள் இதை விரிதாளில் தேடு, மாற்று வசதியிலேயே செய்யலாம், கொஞ்சம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

வசன நீளத்தையும் பார்க்க வேண்டும். அக்காவின் நோட்ஸில் முப்பது சொல் கொண்ட வசனம் சாதாரணம், படிக்கும் கண் திரும்பிப் போய்ப் பார்க்கும், காது போகாது. பன்னிரண்டு பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் உடைத்தோம். பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்தும் பார்த்தேன். 'வந்திச்சு', 'எடுக்கிறம்' என்ற வடிவங்களில் குரல் சறுக்குகிறது. மட்டக்களப்புப் பேச்சை எழுதிக் கொடுத்தால் இன்னும் மோசம். எளிய எழுத்துத் தமிழ், 'பாருங்கள்', 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று நேராகச் சொல்கிற நடை, அதுதான் நன்றாக வந்தது.

அடுத்தது இடைவெளி. இந்தக் கருவியில் 'இங்கே மூன்று செக்கன் நிறுத்து' என்று குறி போட முடியாது. எனவே ஒரு பாடத்தை ஒரே கோப்பாக எடுக்காமல் ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு கோப்பு, கேள்வி இருந்தால் கேள்விக்குத் தனிக் கோப்பு என்று பிரித்து, நடுவில் வெறும் மௌனக் கோப்பை வைத்து எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால் ஒட்டினேன். இதில் பெரிய வசதி ஒன்று கிடைத்தது: ஏழாவது ஸ்லைட்டில் ஒரு சொல் மாறினால் ஏழாவதை மட்டும் திரும்ப எடுத்தால் போதும், ஒட்டியது தெரியவே தெரியாது, குரல் எந்த நாளிலும் ஒரே குரல்தான். ஒட்டிய பிறகு அதே கருவியின் ஒலிமட்டச் சீராக்கியில் மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கிற அலகு) வைத்து ஓடவிட்டேன், போன் ஸ்பீக்கரில் ஃபேன் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கிறது.

அளவையும் கவனிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பிள்ளைகள் அப்பாவின் போனில் ரீலோட் போட்டுத்தான் பார்க்கிறார்கள். கருவி தருகிற எம்பி3 செக்கனுக்கு 48 கிலோபிட், நிமிடத்துக்கு 360 கிலோபைட், பத்து நிமிடப் பாடம் 3.6 மெகாபைட். அதை ஓபஸ் வடிவில் 24 கிலோபிட்டுக்கு இறக்கினால் 1.8 மெகாபைட், பேச்சுக் குரலுக்கு வித்தியாசம் தெரியாது. வட்ஸ்அப்பில் ஒலியை மட்டும் அனுப்பி, ஸ்லைட்டுகளைப் பிடிஎஃப் ஆகத் தனியாக அனுப்பினோம். வீடியோ வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அசையாப் படமாக, செக்கனுக்கு ஒரு ஃப்ரேம் வீதம் செய்து கொடுத்தேன், அதுவும் சிறிதாகவே இருந்தது.

முதல் நாலு பாடம் போன பிறகு வெல்லாவெளியிலிருந்து ஒரு பிள்ளை குரல் செய்தி அனுப்பியிருந்தது. 'ரீச்சர், பாடம் விளங்குது, ஆனா ஆரோ ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி இரிக்கி, மறுகா நீங்க எப்ப கதைப்பீங்க?' அதைக் கேட்டு அக்கா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். இது இயந்திரக் குரல் என்று நாங்கள் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ரீச்சர் இல்லாமல் போய்விட்டது போலப் பிள்ளைக்கு இருந்திருக்கிறது. அவருடைய பழைய பதிவுகளை வைத்து அவர் குரலையே இயந்திரத்தில் உண்டாக்கலாமா என்றும் யோசித்தேன். அந்த வகையில் பலரும் பயன்படுத்துகிற எக்ஸ்டிடிஎஸ் மாதிரியில் 17 மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. இருந்திருந்தாலும் செய்திருக்க மாட்டோம், தான் சொல்லாத ஒன்றைத் தன் குரல் சொல்வது தனக்கு வேண்டாம் என்று அக்கா எழுதிக் காட்டினார். அதற்குப் பதிலாக அவருடைய பழைய வகுப்புப் பதிவுகளிலிருந்து, தோணியையும் மேலுதைப்பையும் பற்றி அவர் சொன்ன சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி எடுத்துப் பாடத்துக்கு நடுவில் வைத்தேன். விளக்கத்தை இயந்திரம் சொல்லும், வாவியில் தோணி ஏன் மிதக்கிறது என்பதை ரீச்சரே சொல்வார். பிள்ளைகள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னார்கள்.

இதைக் காசு வாங்குகிற பாடநெறிக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்ஜ்-டிடிஎஸ் அதிகாரபூர்வமான சேவை இல்லை, எந்த நாளும் நிற்கலாம், வணிகத்துக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். அதே குரல்கள் மைக்ரோசொஃப்டின் அஷூர் என்ற இணையச் சேவையில் முறையாகக் கிடைக்கின்றன, இலவசப் படியில் மாதம் 5,00,000 குறி வரை. எழுத்து என்று நாம் எண்ணுவதும் அது எண்ணுவதும் ஒன்றல்ல: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, ஏனென்றால் விசிறியும் புள்ளியும் தனித்தனி. எங்கள் பத்து நிமிடப் பாடம் ஏறக்குறைய 8,000 குறி வருகிறது, மாதம் அறுபது பாடம் எடுக்கலாம். அங்கே நிறுத்தக் குறியும், இந்தச் சொல்லுக்குப் பதிலாக இதை வாசி என்ற குறியும் போடலாம், என் அட்டவணையில் பாதி வேலை குறையும். கணக்குத் தொடங்கக் கடனட்டை கேட்பார்கள். எப்படிச் செய்தாலும் எழுத்து வேறொரு சேர்வருக்குப் போகிறது, பிள்ளைகளின் பெயரையோ புள்ளியையோ அதில் போடாதீர்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் அக்கா பேசத் தொடங்கினார், முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி. மிச்சப் பாடங்களையும் இயந்திரக் குரலிலேயே முடிப்பது, நேரடி வகுப்பைக் கேள்வி பதிலுக்கு மட்டும் வைப்பது என்று முடிவெடுத்தோம், தொண்டைக்கும் அதுதான் நல்லது. கடைசிப் பாடத்தை இருவரும் இருந்து கேட்டோம். இப்போது வாயால் சொல்லலாம், இருந்தும் பழக்கத்தில் கை மேசையிலேயே இருந்தது. பதினொரு நிமிடத்தில் ஒரே ஒரு தட்டு. நான் நிறுத்திவிட்டு எந்தச் சொல் என்று கேட்டேன்.

"சொல்லு இல்ல தம்பி. கேள்வி கேட்டுட்டு அஞ்சு செக்கன்தான் விடுறாய். எட்டு விடு. பின் வாங்கில இரிக்கிற பிள்ளை அப்பதான் பேனையை எடுக்கும்."

ஐந்தை எட்டாக்கி, 34 பாடத்தையும் திரும்ப ஒட்டுவதற்குப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.